எப்சிபா வீவரின் ஒரே பொய்

நியூபோர்ட் துறைமுகத்தின் வடகோடிக்கு நாங்கள் பாயின்ட் என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே எப்சிபா வீவர் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. என் பெயர் கெசியா ட்ரிப். சிப்பி விற்கிறவள். என் புருஷன் கடலோடு போய்விட்டான். அவன் விட்டுப்போன சின்னப் படகுதான் எனக்குச் சோறு போடுகிறது. எப்சியைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் அவள் கருணையே உருவானவள். இன்னொன்றில் பிடிவாதம் பிடித்துத் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டவள். இரண்டும் தப்பு. நடந்தது எனக்குத் தெரியும், ஆனால் நான் சொன்னால் ஒரு ஆள் நம்புவதில்லை. நான் பொய் சொல்பவளாம். அது உண்மைதான். நேற்று எடுத்த சிப்பியை இன்று காலையில் எடுத்தது என்று சொல்லாமல் வியாபாரம் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

எப்சி நண்பர் சபைக்காரி. அந்தச் சபை ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய. சாம்பல் நிறத்தில் உடுத்துவார்கள், ராஜாவே வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், யாராக இருந்தாலும் 'நீ'தான். சண்டைக்குப் போக மாட்டார்கள். சத்தியம் பண்ண மாட்டார்கள். சத்தியம் பண்ணிச் சொல்வது ஒரு உண்மை, பண்ணாமல் சொல்வது வேறொரு உண்மை என்று இரண்டு வைத்துக்கொள்ளக் கூடாதாம். மற்றவர்கள் எப்படியோ, எப்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். புருஷன் செத்துப்போயிருந்தான், பிள்ளை இல்லை, தையல் வேலை செய்து பிழைத்தாள். சட்டைத் தோள் கொஞ்சம் கோணலாகிவிட்டால், வாங்க வந்தவர் கவனிக்கும் முன்பே அவளே சொல்லிவிடுவாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஆங்கிலேய ராஜாவை எதிர்த்து எங்கள் நாடு கிளர்ந்த சண்டையில், ஆங்கிலேயப் படை எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த குளிர்காலங்களில் விறகுக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. மரங்களை வெட்டினார்கள், வேலிகளைப் பிடுங்கினார்கள், கடைசியில் ஆளில்லாத வீடுகளையே பிரித்து எரித்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாழடைந்த பட்டறையில் விறகு ஒளித்து வைத்திருந்தோம். ஒருநாள் ஒரு சார்ஜன்ட் வந்தான். யாரிடம் கேட்க வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நேராக எப்சியிடம் போய், இந்தத் தெருவில் விறகு இருக்கிறதா என்று கேட்டான். அவள், இருக்கிறது, எங்கே என்று சொல்ல மாட்டேன் என்றாள். இதற்குப் பேசாமல் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டியிருக்கலாம். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு சுள்ளிகூட மிச்சமில்லை.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவளிடம் எதையும் சொல்வதில்லை. அவள் கிணற்றடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். யார் வீட்டில் ஆடு ஒளிந்திருக்கிறது, யார் மகன் கிளர்ச்சிப் படையில் சேர ஓடிவிட்டான் என்பதெல்லாம் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அது அவளுக்கும் தெரியும். வாளியை நிரப்பிக்கொண்டு தலையைக் குனிந்து போவாள். அவள் மேல் எனக்குக் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆங்கிலேயர்கள் போய், அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். நமக்காகச் சண்டை போட வருகிறார்கள் என்று சொன்னார்கள், ஆனாலும் முதல் நாள் ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. பிரெஞ்சுக்காரன் என்றால் தவளை தின்பவன், போப்பின் ஆள் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். வந்தவர்களோ எங்கள் கோழியைக்கூடத் தொடவில்லை. எரித்தது போக மிஞ்சியிருந்த வீடுகளைச் செப்பனிட்டுக் குளிர்காலத்துக்கு அதில் தங்கினார்கள். எப்சியின் முன்னறைகள் கேப்டன் ப்ரெசாக்குக்குக் கொடுக்கப்பட்டன. ஒல்லியான ஆள், கால் வாதக்காரர், எங்கள் பேச்சை ஓரளவுக்குப் பேசுவார். கரையோரக் காவலும், படையை விட்டு ஓடிப்போகிறவர்களைப் பிடிப்பதும் அவர் பொறுப்பு. தினமும் எப்சியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றுவார். எனக்காகத் தலையைத் திறக்காதே, குளிர் பிடிக்கும் என்று தினமும் இவள் சொல்வாள். கோணல் தோள் கதையை யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அவருக்கு அவள் மேல் ஒரே மரியாதை. மதாம் வீவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் விசாரணை கிடையாது என்று மற்ற அதிகாரிகளிடம் பெருமையடிப்பார்.

அந்தப் படையில் நீலச்சட்டை போட்ட ஜெர்மன்காரர்கள் ஒரு பிரிவு இருந்தார்கள். பிரெஞ்சு ராஜாவுக்குக் கூலிக்குச் சண்டை போடுகிறவர்கள். அதில் யோஸ்ட் என்று ஒருவன். முப்பது வயது இருக்கும், எருமைத் தோள். குளிர்காலம் பூராவும் கேப்டனுக்கு விறகு சுமந்து வந்தவன் அவன்தான். எப்சியின் சமையலறையில் சோள அடை தின்று, அவளிடமே எங்கள் பேச்சைக் கொஞ்சம் கற்றுக்கொண்டான். அவன் தம்பியை வேறொரு ஜெர்மன் பிரபு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டானாம். தம்பி நியூயார்க்கில் எதிர்ப் படையில் இருந்தான். ஜூன் மாதம் படை நியூயார்க் பக்கம் கிளம்பப் போகிறது என்று உத்தரவு வந்தது. மறுநாள் யோஸ்ட் வரிசையில் இல்லை.

காலங்காத்தால எப்சி என் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கெசியா, நீ பொய் சொல்றவதானே?" என்று கேட்டாள்.

"இதைக் கேக்கவா பொழுது விடிஞ்சதும் வந்தே?"

"எங்க சபையில யார்கிட்டயும் இதைச் சொல்ல முடியாது. சொன்னா நாளைக்கு அவங்களையும் யாராவது கேப்பாங்க. அவங்களுக்கும் பொய் வராது. பொய் சொல்லத் தெரிஞ்சவ எனக்கு நீ ஒருத்திதான்."

புகழ்கிறாளா திட்டுகிறாளா என்று யோசிப்பதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. யோஸ்ட் அவள் வீட்டில் இருக்கிறான். மாடியில் புகைபோக்கியை ஒட்டிப் பன்றித் தொடைகளைப் புகை போடுவதற்கென்று ஒரு அலமாரி அறை உண்டு, அதற்குள். கேப்டனின் கட்டிலுக்கு நேர் மேலே. தம்பியைச் சுட மாட்டேன் என்று வந்து நின்றவனை வெளியே தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள் என்றுதான் ஊரில் பேச்சு. யாரும் தேட மாட்டாத வீடு அது ஒன்றுதான் என்று அந்தத் தடியன் கணக்குப் போட்டிருக்கிறான், கணக்கு சரிதான்.

அவனை என் வீட்டுக்கு அனுப்பிவிடு, கேட்டால் உன் வீட்டில் இல்லை என்று நீ உண்மையாகவே சொல்லலாமே என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"நானே அனுப்பி வெச்சிட்டு, இல்லைன்னு சொல்றதா? வாய் மட்டும் சுத்தமா இருந்தா போதுமா? ஏமாத்தணும்னு நினைச்சுச் சொன்னா எல்லாம் பொய்தான்."

"அப்ப சொல்ல மாட்டேன்னு சொல்லிடு."

"விறகு மறந்துபோச்சா உனக்கு?"

கேப்டன் கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள் என்றேன். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்றாள்.

அவள் வேண்டுதல் சில நாள் தாக்குப்பிடித்தது. அந்த நாட்களில் அவள் வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டும். கீழே கேப்டன் இருமினால் மேலே யோஸ்ட் தன் வாயைப் பொத்திக்கொள்வான். கேப்டன் வெளியே போனால்தான் அவன் காலை நீட்ட முடியும். எப்சி தையலைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், ஊசி ஏறாது. வெளியே வந்தால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று கிணற்றடிக்குக்கூட வருவதை நிறுத்தினாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் தண்ணீர் எடுத்தேன். ஒளிந்திருப்பவன் ஒருவன், அடைபட்டுக் கிடந்தவர்கள் இரண்டு பேர்.

அதற்குள் பாயின்டில் எல்லா வீடுகளையும் சோதனை போட்டார்கள். என் வீட்டில் மாவுப் பீப்பாய்க்குள் கையை விட்டுக்கூடப் பார்த்தார்கள். இங்கே யாரும் வரவில்லை என்று நான் சொன்னேன், அது உண்மை, அப்படியும் நம்பவில்லை. அன்று சாயங்காலம் கேப்டன் எப்சியின் சமையலறைக்கே வந்தார். சிப்பி கொடுக்கப் போனவள் நான் அடுப்போரமாக நின்றிருந்தேன். அவர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். எப்சி ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"மதாம், இதைக் கேக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. தெருவுல எல்லா வீட்டையும் பாத்தாச்சு. இந்த வீட்டை மட்டும் பாக்கல. நான் தங்கியிருக்கிற வீடுங்கிறதுக்காக இல்ல, நீங்க இருக்கிற வீடுங்கிறதுக்காக. மேல இருக்கிறவங்களுக்கு நான் ஒரு பதில் சொல்லணும். அந்த யோஸ்ட் இங்க வந்தானா?"

எப்சி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கண் எங்கேயும் ஓடவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்லை. வரலை."

கேப்டன் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். தலையைத் திறக்காதே என்று எப்சி அன்றைக்குச் சொல்லவில்லை. நான் வாழ்நாளெல்லாம் பொய் சொல்லியிருக்கிறேன், அதற்காக ஒருவரும் என்னைக் குனிந்து வணங்கியதில்லை. அவர் போன பிறகு எப்சி அறுத்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நன்றாகத்தான் சொன்னாய் என்று நான் தட்டிக்கொடுக்கப் போனேன். தொடாதே என்றாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். யோஸ்ட் பாயின்டில் ஒளிந்திருக்கவில்லை என்று மதாம் வீவரே சொல்லியாயிற்று. அப்படியானால் அவன் தண்ணீர் வழியாகத்தான் தப்பியிருக்க வேண்டும். அவன் காணாமல்போன இரவு வடக்குத் துறையில் காவல் நின்றவன் யார் என்று பார்த்தார்கள். பஸ்தியான் என்ற பிரெஞ்சுச் சிப்பாய். எலும்பும் தோலுமாக இருப்பான், காவல் இல்லாத நேரத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு வாளி சுமப்பான், பதிலுக்கு ஒரு துண்டு அடை கொடுத்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். ஒரு குருவிகூட என்னைத் தாண்டிப் போகவில்லை என்று அவன் அழுதானாம். தூங்கினாயா, காசு வாங்கினாயா என்று கேட்டு விலங்கு போட்டார்கள். ஒரு பக்கம் பஸ்தியான் சொல், இன்னொரு பக்கம் எப்சி சொல். படை கிளம்பும் முன் எல்லோர் முன்னிலையிலும் தண்டனை என்றார்கள். அது சாவாக இருக்கும் என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

எப்சி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். முக்காலி நுனியில், எழுந்து ஓடப் போகிறவள் மாதிரி.

"அவனைக் கட்டி வெச்சிருக்கிறது என் வாய்தான் கெசியா. நான் கேப்டன்கிட்ட சொல்லிடப் போறேன்."

"சொன்னா யோஸ்ட் செத்தான்."

"சொல்லலைன்னா பஸ்தியான் செத்தான். யோஸ்ட்கிட்டயும் சொல்லிட்டேன். அவன் ரொம்ப நேரம் அழுதான். ஓட மாட்டேன், நீ சொல்லுன்னு சொல்லிட்டான்."

எப்போது சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். நாளைக்கு ஐந்தாம் நாள், அதாவது வியாழன், சபைக் கூட்டம் இருக்கிறது, முதலில் அங்கே அமைதியாக உட்கார்ந்துவிட்டு அப்புறம் போய்ச் சொல்கிறேன் என்றாள். அவர்கள் கூட்டத்தில் பாட்டும் கிடையாது, பிரசங்கியும் கிடையாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். நானாக இருந்தால் அந்த நிமிஷமே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன், இல்லை என்றால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன். இவர்களுக்கு எது என்றாலும் முதலில் உட்கார்ந்தாக வேண்டும். நல்லது, உட்காரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடல் மேல் கெட்டியாக மூடுபனி. எப்சி கூட்டத்துக்குப் போவதையும் கேப்டன் அணிவகுப்புக்குப் போவதையும் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குள் புகுந்தேன். அலமாரிக் கதவைத் திறந்ததும், தொங்கும் தொடைகளுக்கு நடுவே கால்களை மடக்கிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எப்சி அனுப்பினாள், வா என்றேன். அவள் பெயரைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை. பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்ப் படகில் குப்புறப் படுக்கவைத்து, மேலே ஈரக் கடற்பாசியை அள்ளிப் போட்டு, அதற்கு மேல் காலிக் கூடைகளை அடுக்கினேன்.

துறையில் புதுக் காவல்காரன் என்னை நிறுத்தினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, இது என்ன நாற்றம் என்றான். பாசி உரம், அக்கரையில் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள், வேண்டுமானால் கிளறிப் பார் என்றேன். அவன் போ போ என்று கையை ஆட்டினான். எதிரே இருந்த தீவைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைவரை துடுப்புப் போட்டேன். தோள் இறங்கிவிட்டது. ஆளில்லாத மணல் திட்டில் அவனை இறக்கிவிட்டேன், ஒரு ஈ காக்கை பார்க்கவில்லை. அது எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது. அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான், உடம்பெல்லாம் புகை போட்ட இறைச்சி வாசனை. பென்சில்வேனியாவில் அவன் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களாம், அங்கே போகிறேன் என்றான். போனானோ, போய்ச் சேர்ந்தானோ, இன்றுவரை தெரியாது.

நான் திரும்புவதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது. எப்சி கூட்டத்திலிருந்து நேராகக் கேப்டனிடம் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய், அவன் என் வீட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். அவரைக் கையோடு மாடிக்கு அழைத்துப்போய் அலமாரிக் கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே தொடைகள் தொங்கின. வேறு ஒன்றுமில்லை.

கேப்டன் அவளையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"மதாம், அந்தக் காவல்காரனுக்காக நீங்க இவ்வளவு தூரம் இறங்கி வருவீங்கன்னு நான் நினைக்கல."

"இப்ப சொல்றதுதான் உண்மை. அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"பழக்கமில்லாதவங்க பொய் சொன்னா இப்படித்தான். ஆளைக் காட்டணும்னா ஆள் இருக்கணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே அலமாரிக் கதவை அவரே சாத்தினாராம். அவர் கண் கலங்கியிருந்தது என்று எப்சி சொன்னாள்.

பொய்யே அறியாத ஒருத்தி ஒரு ஏழைச் சிப்பாய்க்காகப் பொய் சொன்னாள் என்று கேப்டன் மேலிடத்தில் போய் மன்றாடியிருக்கிறார். அவர்களும் மனுஷர்கள்தானே. பஸ்தியானுக்கு விலங்கைக் கழற்றி, கக்கூஸ் குழி வெட்டும் வேலை கொடுத்தார்கள். அவன் மண்ணும் கையுமாக வந்து எப்சியின் பாவாடை ஓரத்தைப் பிடித்து முத்தமிட்டான். எழுந்திரு, உன்னை உள்ளே தள்ளியதே நான்தான் என்றாள். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. எப்சி கட்டிப்பிடித்து நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வந்த வரத்து வேறாக இருந்தது.

"யாரைக் கேட்டு அவனைக் கொண்டுபோனே?"

"கேட்டா விட்டிருப்பியா? ரெண்டு பேர் உயிரோட இருக்காங்க. அது போதாதா உனக்கு?"

"அவங்களுக்குப் போதும்" என்றாள். அப்புறம், "நான்தான் மாட்டிக்கிட்டேன் கெசியா. பொய் சொன்னேன், தலையைக் குனிஞ்சு வணங்கினார். உண்மையைச் சொன்னேன், பொய்ங்கிறார். இனிமே எதைச் சொல்லி வெளியே வர்றது?" என்றாள்.

நாள் போனால் மறந்துவிடுவாய் என்று சமாதானம் சொன்னேன். அதுவும் பொய்தான், ஆனால் அதைச் சொன்னபோது நான் நம்பித்தான் சொன்னேன்.

படை கிளம்பிற்று. மிச்சமிருந்தவர்களும் பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு கோடை முடியும் முன் கப்பலில் போனார்கள். கடைசிப் பாய் மறையும்வரை எப்சி வாயைத் திறக்கவில்லை, திறந்தால் யோஸ்ட்டைத் துரத்துவார்கள் என்ற பயம். அதற்கடுத்த கூட்டத்தில் அந்த அமைதிக்கு நடுவே எழுந்து நின்று, நான் பொய் சொன்னேன், என்ன பொய் என்றால் இது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் வழக்கம் அது. தப்பு செய்தவர்கள் தாங்களாகவே சொல்லி வருத்தப்பட்டால் சபை ஏற்றுக்கொள்ளும்.

சபை மூத்தவர் யாபேஸ் ஷெர்மன் இன்னும் இரண்டு பேரோடு அவள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் துளி கிடையாது. வந்த வினை என்னவென்றால், கேப்டன் போகும்போது அவரிடமே போய் எப்சியின் பெருமையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீ சொன்ன பொய் எங்களுக்குத் தெரியும் எப்சிபா. இரக்கப்பட்டுச் சொன்ன பொய். ஆனா பொய்தான். அதை ஒத்துக்கிட்டா போதும்" என்றார்.

"நீ சொல்றது பொய்யே இல்லை யாபேஸ். அதுக்கு முந்தி, யோஸ்ட் வரலைன்னு சொன்னதுதான் பொய்."

அலமாரியைக் கேப்டன் கண்ணால் பார்த்தாரே, ஆள் இல்லையே என்றார்கள். அவள் சொன்னதையே சொன்னாள். ஒரு சின்னப் பொய்யை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, அதை மறைக்கப் பெரிய கதை கட்டுகிறாள் என்று அவர்களுக்குப் பட்டது. மாதக்கணக்கில் வந்து வந்து போனார்கள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் முதல் நாள் என்பார்கள், அப்படி ஒரு முதல் நாள் அவர்கள் கூட்டத்துக்கு நானே போனேன். படகில் அவனைக் கொண்டுபோனவள் நான்தான், பாசியைப் போட்டு மூடினேன், மணல் திட்டில் இறக்கினேன் என்று கத்தினேன். யாரும் திட்டவில்லை, சிரிக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன அமைதி. கடைசியில் யாபேஸ் எழுந்து, "கெசியா, உன் சிநேகிதி மேல உனக்கு எவ்வளவு பிரியம்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். பெஞ்சைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது.

சபையிலிருந்து அவளை நீக்கினார்கள். துப்பாக்கி எடுத்தவர்களை நீக்கியது போலவே இவளையும். நீக்கினாலும் கூட்டத்துக்கு வரக்கூடாது என்று அவர்கள் சொல்வதில்லை. ஒவ்வொரு முதல் நாளும் போய்க் கதவோரம் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவாள். ஊரில் முன்பு அவளிடம் எதையும் சொல்ல மாட்டார்கள், இப்போது அவள் சொல்வதை ஏற்க மாட்டார்கள். இந்தத் துணி சாயம் போகாது என்று அவள் சொன்னால், நிஜமாகவா எப்சி, எந்த எப்சி சொல்கிறாள் என்று கேட்டுச் சிரிப்பார்கள். இதெல்லாம் முடியும் முன்பே, படை போன வருஷத்து இலையுதிர் காலத்தில், யார்க்டவுனில் ஆங்கிலேயர்கள் பணிந்துவிட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று சேதி வந்து மணி அடித்தார்கள். நானும் குடித்து ஆடினேன். அங்கே இரண்டு பக்கமும் ஜெர்மன்காரர்கள் எதிரெதிரே நின்றார்கள் என்று கேள்விப்பட்டு வந்து அவளிடம் சொன்னேன். அவர்களில் யோஸ்ட் இல்லை என்றாள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

பல வருஷம் இப்படியே போயிற்று. ஒரு குளிர்காலக் காலையில் தையல் கையோடு விழுந்தாள். ஒரு பக்கம் அசையவில்லை, பேச்சு குழறிற்று. கேள்விப்பட்டு யாபேஸ் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. எப்சியின் புருஷன் நண்பர்களின் இடுகாட்டில் இருக்கிறான். அங்கே கல் வைப்பதில்லை, எந்த மேடு யாருடையது என்று சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியும். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் தனக்கு இடம் வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அது யாபேஸுக்கும் தெரியும். நீண்ட கதை வேண்டாம், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல், உன்னைச் சபையில் சேர்த்துக்கொள்கிறோம், அவனுக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம் என்று கெஞ்சினார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். எப்சி என்னைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

அவள் வாயருகே காதை வைத்தேன்.

"ஒரு தடவை இல்லைன்னு பொய் சொன்னேன். இப்ப ஆமான்னு ஒரு பொய் சொல்லச் சொல்றான். மாட்டேன் கெசியா."

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை. கண் மட்டும் விழித்திருந்தது. யாபேஸ் உள்ளே வந்தார்.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாளா? ஒத்துக்கிட்டாளா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒத்துக்கொண்டாள் என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. சொல்லியிருந்தால் மறுவார்த்தை கேட்டிருக்க மாட்டார். எனக்கா பொய் வராது? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்கலை. மாட்டேன்னு சொல்லிட்டா" என்றேன்.

யாபேஸ் குனிந்து எப்சியின் போர்வையை இழுத்துவிட்டார். உன்னை நம்புகிறேன் கெசியா என்று சொல்லிவிட்டுத் தொப்பியை அழுத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

எப்சியை ஊர்ப் பொது இடுகாட்டில்தான் வைத்தோம், முன்பின் தெரியாத மாலுமிகளுக்கு நடுவில். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவள் இன்று புருஷன் பக்கத்தில் இருப்பாள். வாய்வரைக்கும் வந்து நான் சொல்லாமல் விட்ட பொய் அது ஒன்றுதான்.